உவர் நிலத்துச் சோறும் கழிமுகத்து மீனும்

வேதாரண்யம் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பேருந்தில் உட்கார்ந்தபடி ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாலே போதும், இந்த மண்ணின் வேளாண்மை பாதி புரிந்துவிடும். கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், பஞ்சநதிக்குளம், வெள்ளப்பள்ளம், கடினல்வயல், கோடியக்காடு, ஆறுகாட்டுத்துறை. புலம், குளம், பள்ளம், வயல், காடு, துறை. எங்கே மேடு, எங்கே தண்ணீர் நிற்கும், எங்கே படகு கட்டலாம் என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். மணல்மேடு ஒரு வரிசை, அடுத்தாற்போல் பள்ளம் ஒரு வரிசை, மறுபடி மேடு என்று கரைக்கு இணையாக நிலம் போகும். கடல் பின்வாங்கப் பின்வாங்க விட்டுப்போன பழைய கரைகள்தான் அந்த மேடுகள் என்று நிலவியல் படித்தவர்கள் சொல்வார்கள்.

எனக்கு இங்கே மூன்றரை ஏக்கர். மேட்டில் ஒரு ஏக்கர், பள்ளத்தில் இரண்டரை. வங்கி வேலையில் முப்பத்து மூன்று வருஷம் ஓடிப்போனது. ஓய்வுக்குப் பிறகு ஒன்பது வருஷமாக ரசாயனம் இல்லாமல் விவசாயம் பார்க்கிறேன். மேட்டு நிலமும் பள்ள நிலமும் ஒரே குடும்பத்துக்கு இருந்தால்தான் இங்கே பிழைப்பு என்பதை எங்கள் தாத்தா காலத்திலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். பாகம் பிரிக்கும்போது மேட்டில் கொஞ்சம், பள்ளத்தில் கொஞ்சம் என்று இரண்டையும் குறுக்கே வெட்டித்தான் பிரிப்பார்கள். பட்டா பார்த்தால் துண்டு துண்டாக இருக்கும். வெளியூர் அதிகாரிகளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

முதலில் மேட்டைச் சொல்லிவிடுகிறேன். மா, தென்னை, முல்லைப்பூ, சவுக்கு, கொஞ்சம் கடலை, காய்கறி. முன்பு புகையிலை நிறைய. குடத்தில் தண்ணீர் மொண்டு செடிக்குச் செடி ஊற்றின காலம் அது. இந்த மணலில் ஆளுயரம் தோண்டினால் குடிக்கிற மாதிரி நல்ல தண்ணீர் ஊறும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது நல்ல தண்ணீர் எப்படி என்று கேட்பார்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது, அவ்வளவுதான். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே நாற்பது அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நீரியலில் ஒரு கணக்கு. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். மணல்மேட்டை வெட்டி லாரியில் ஏற்றுகிறவர்களுக்கும், ராத்திரி பகலாக மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கைத் தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குடத்தால் மொண்டவரைக்கும் ஊற்று கெடவில்லை. மோட்டார் வந்து இருபது வருஷத்துக்குள் எங்கள் தெருவிலேயே நாலு கிணறு கரிக்க ஆரம்பித்துவிட்டது.

பள்ளத்துக்கு வருவோம். காவிரியின் கடைமடையிலும் கடைமடை நாங்கள். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறந்தார்கள் என்று பத்திரிகையில் படிப்போம். எங்களுக்கு அது செய்தி மட்டும்தான். கோடையில் ஆற்றில் மேலிருந்து தண்ணீர் வராது, கீழிருந்து கடல்தான் ஏறி வரும். அதைத் தடுக்கத்தான் ஆறுகளின் கடைசியில் இயக்கு அணைகள் கட்டியிருக்கிறார்கள். ஆகவே இங்கே மானாவாரியாக ஒருபோகம். ஆவணி கடைசியில் புழுதி உழவு ஓட்டி, காய்ந்த மண்ணிலேயே விதையைத் தெளித்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்களுக்கு ஆறும் ஏரியும்.

இந்த நிலத்துக்கென்றே பிறந்த நெல் குழியடிச்சான். குழிவெடிச்சான் என்றும் சொல்வார்கள். சிவந்த, மோட்டா அரிசி. புழுதியில் கிடந்து, முதல் மழைக்கு முளைத்து, பிறகு பத்துப் பதினைந்து நாள் மழை காணாவிட்டாலும் சாகாது. தண்ணீர் தேங்கினாலும் நிற்கும். உப்பையும் தாங்கும். களர்ப்பாலை என்று இன்னொன்று உண்டு, அது இன்னும் மோசமான நிலத்துக்கு. இந்த விதைகள் எல்லாம் ஏறக்குறைய தொலைந்துபோன நேரத்தில் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவர் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கம் நெல் ஜெயராமன் ஐயா. 2006-லிருந்து அங்கே நெல் திருவிழா நடக்கிறது. இரண்டு கிலோ விதை கொடுப்பார்கள், அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். வட்டி நூறு சதவீதம்! ஆனால் அந்த வட்டியைக் கட்ட யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. என்னுடைய முதல் குழியடிச்சான் விதையும் அந்த வழியில் வந்ததுதான்.

களர் நிலத்துக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. வரப்பை ஒன்றரை அடி உயர்த்தினேன். முதல் இரண்டு மழைத் தண்ணீரை வயலில் கட்டி, இரண்டு நாள் ஊறவிட்டு, வாய்க்காலில் நீர் வடிகிற நேரம் பார்த்துத் திறந்துவிடுவேன். மேலே பூத்த உப்பு அதோடு போய்விடும். சித்திரை, வைகாசியில் ஒரு கோடை மழை கிடைத்தால் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுவேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, நாகை மாவட்டத்தில் கடல் புகுந்த வயல்களை நம்மாழ்வார் ஐயா வந்து நின்று மீட்டுக்கொடுத்ததும் இந்த மாதிரி எளிய வேலைகளால்தான். மேடு பள்ளம் எடுத்தது, தழை உரம் போட்டது, மழையை வைத்தே உப்பைக் கழுவினது. அடுத்த வருஷமே 2005-ல் மழையும் கொட்டித் தீர்த்தது. மண் திரும்பியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் போயின, அவை திரும்பவில்லை.

மருந்து அடிப்பதை நிறுத்திய மூன்றாவது வருஷம் என் வயலில் மீன் வந்தது. யாரும் விடவில்லை. மழை வெள்ளத்தில் வாய்க்கால் வழியாக ஏறி வந்த கெளுத்தி, குரவை, அங்கங்கே ஒரு விரால். பக்கத்து வயல்காரப் பையன் ஊத்தாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அவனுடைய தாத்தா பரணில் போட்டு வைத்திருந்த ஊத்தா அது! வயல் நண்டும் வந்தது. தை மாசப் பனியில் நெஞ்சுச் சளிக்கு வயல் நண்டு ரசம் வைத்துக் குடித்தால் எப்படி இருக்கும் என்பது டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். அறுவடைச் செலவுக்கணக்கில் நான் இந்த மீனை எழுதுவதில்லை, எழுதினால் என் வரவு கொஞ்சம் கூடத்தான் தெரியும்.

சாப்பாட்டுப் பேச்சுக்கு வந்துவிட்டோம். கடலும் மேடும் பள்ளமும் ஒரே சட்டியில் சேருவதுதான் எங்கள் ஊர்ச் சமையல். குழியடிச்சான் பழைய சோற்றுக்குச் சுட்ட கருவாடு. மேட்டுக் கொல்லையில் காய்க்கிற மாங்காயை நறுக்கிப் போட்டு மடவை மீன் குழம்பு. மாங்காய் இருக்கிற மாதங்களில் புளி பாதிதான். மாங்காய் சீசன் முடிந்தால் காயவைத்த மாங்கொட்டை, கத்திரிக்காய், கருவாடு சேர்த்து ஒரு குழம்பு. அதை முதல் நாள் ராத்திரி வைத்து மறுநாள் காலையில் சாப்பிடவேண்டும். இறாலுக்குச் சுரைக்காய். முருங்கைக்கீரைக்குச் சென்னாக்கூனி, அதாவது அரிசி மாதிரி இருக்குமே அந்தப் பொடி இறால், வறுத்து இடித்துத் தூவினால் கீரையே தனி ருசி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டும் குழியடிச்சான் கஞ்சியும் கொடுத்தால் பால் நன்றாகச் சுரக்கும் என்று எங்கள் அம்மா சொல்வார். என் மருமகளுக்கும் என் மனைவி அதைத்தான் செய்து போட்டாள்.

உமரிக் கீரையை விட்டுவிடக் கூடாது. களரில் வேறெதுவும் முளைக்காத இடத்தில், செவசெவ என்று சதைப்பிடிப்பாகப் படர்ந்திருக்கும். இளந்தளிராகக் கிள்ளி, அவித்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் பருப்போடு சேர்த்துக் கடைவார்கள். உப்பு போடவே வேண்டாம், செடியிலேயே இருக்கிறது. பஞ்ச காலத்துச் சாப்பாடு என்று இதைப் பற்றிப் பேசவே சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட இதில் என்ன இருக்கிறது?

முன்பெல்லாம் அறுவடை நேரத்தில் மீன் விற்கிற பெண்கள் களத்துக்கே கூடையோடு வருவார்கள். காசு இல்லை, நெல்லுக்கு மீன். வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல், அவர்கள் கூடையில் ஒரு பங்கு மீன். அந்த நெல்தான் அவர்களுக்கு அடுத்த ஆறு மாதச் சோறு. இன்றைக்கு அந்த வழக்கம் அற்றுப்போய்விட்டது. ஆனாலும் வெள்ளப்பள்ளத்திலிருந்து ஒரு தங்கச்சி வாரம் இரண்டு நாள் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறாள். பதினைந்து வருஷப் பழக்கம். "நல்ல மீனெல்லாம் கரையிலயே லாரில ஏறிடுதுண்ணே. வாவலு, வஞ்சிரம் எல்லாம் நாங்க கண்ணால பாக்கறதோட சரி. பொடி மீனையாச்சும் விட்டு வப்பானுங்களான்னா, அதையும் மாவு அரைக்கிற கம்பெனிக்கு அள்ளிட்டுப் போறானுங்க" என்பாள். கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் போகிற மீன் அது. பண்ணை இறாலை வளர்க்கக் கடல் மீனைப் பிடித்து அரைக்கிறோம்.

அவளிடமிருந்து தலை, குடல், செதில் எல்லாம் ஒரு வாளியில் எனக்கு வந்துவிடும். அதற்குப் பதில் மாதம் ஐந்து கிலோ குழியடிச்சான் அரிசி. பழைய வழக்கத்தை இப்படி ஒரு வீட்டளவில் வைத்திருக்கிறோம். மீன் கழிவும் நாட்டு வெல்லமும் சம எடை, வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி நிழலில் வைத்துவிடுவேன். நாற்பது நாளில் துர்நாற்றம் போய்ப் பழ வாசனை வரும். பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி. முல்லைக்கு இதைவிட நல்ல ஊக்கம் நான் பார்க்கவில்லை. பூனைகள் மட்டும் நாலு நாள் தோட்டத்தை விட்டு நகராது.

கடல் தொழிலும் நம் தொழில் மாதிரியே மாதக் கணக்கில் ஓடுவதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்காக. ஐப்பசி தொடங்கி மாசி, பங்குனி வரை கோடியக்கரையில் சீசன். வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து கரையில் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். காலா, வாவல், திருக்கை, நீலக்கால் நண்டு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று அவர்கள் காற்றுக்கு வைத்திருக்கிற பெயர்களை நான் இங்கே வந்த பிறகுதான் காது கொடுத்துக் கேட்டேன். எந்தக் காற்று எத்தனை நாள் நிலைத்து அடிக்கிறது, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவர்கள் சொல்வதை வைத்து விதைப்பைத் தள்ளிப்போட்ட வருஷங்கள் உண்டு.

மேற்கே முத்துப்பேட்டையில் அலையாத்திக் காடு இருக்கிறது. அதன் வேர்களுக்கு நடுவில்தான் இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வளர்கின்றன. பாமணியாறு, கோரையாறு எல்லாம் அந்தக் காயலில்தான் போய் விழுகின்றன. மன்னார்குடியில் ஒருவர் வயலில் அடிக்கிற பூச்சிமருந்து கடைசியில் போய்ச் சேருவது மீன் குஞ்சு வளர்கிற தொட்டிலுக்கு. மீனவர்களும் விவசாயிகளும் ஒரே மேடையில் உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம் இது. நான் பார்த்தவரை இரண்டு தரப்பும் தனித்தனியாக ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி இறால் குட்டை. 1990-களின் தொடக்கத்தில் வரி இறால் என்றால் டாலர் என்று பேச்சு. கடலோரத்தில் நெல் வயல்கள் குட்டைகளாயின. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் கிராமங்களில் போராடினார்கள். ஜெகந்நாதன் ஐயா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருக்கும் பண்ணைகளை அகற்றச் சொன்னது. விளைநிலத்தையும் உப்பளத்தையும் குட்டையாக்கக் கூடாது என்றும் சொன்னது. பிறகு 2005-ல் தனிச் சட்டம் வந்தது, ஆணையம் வந்தது, பதிவு செய்துகொண்டு நடத்தலாம் என்றானது. வரி இறால் நோயில் போய், வனாமி வந்தது. அந்தக் காலத்தில் இறால் கடன் விண்ணப்பங்கள் பல என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. திட்டச் செலவுக்கு ஒரு கட்டம், எதிர்பார்க்கும் விளைச்சலுக்கு ஒரு கட்டம், விற்பனை விலைக்கு ஒரு கட்டம். பக்கத்து வயல்காரனின் கிணற்றுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

கேரளத்தில் எர்ணாகுளம் பக்கம் பொக்காளி வயல்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜூன் முதல் அக்டோபர் வரை மழையில் உப்பு கழுவின அதே வயலில் நெல். அறுத்த பிறகு மதகைத் திறந்து ஏற்றத்தோடு இறால் குஞ்சுகளை உள்ளே விட்டு ஏப்ரல் வரை மீன் பண்ணை. நெல்லின் தாள் இறாலுக்கு இரை, இறாலின் கழிவு நெல்லுக்கு உரம். உரம், மருந்து எதுவும் கிடையாது. எங்கள் ஊரில் அப்படியே செய்யமுடியாது. இங்கே ஏற்ற இறக்கம் குறைவு, கோடை நீளம், குட்டைத் தண்ணீர் உப்புப் பாகாகிவிடும். ஆனாலும் உவர் நிலத்தில் நெல்லும் மீனும் முறை வைத்து வாழ வழி உண்டு என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன்.

விஷயம் இப்போது என் வரப்புக்கே வந்திருக்கிறது. என் வயலுக்குக் கீழ்புறம் நாலு ஏக்கர், எனக்குச் சித்தப்பா முறை வேண்டும் ஒருவருடையது. எழுபத்தாறு வயது. பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும். இறால் குட்டைக்குக் குத்தகை கேட்டு ஒரு தரகர் மூன்று முறை வந்துவிட்டார். ஏக்கருக்கு வருஷம் முப்பதாயிரம், ஐந்து வருஷத்துக்கு. நான் போய்ப் பேசினேன். "நீ சொல்றதெல்லாம் சரிதான் தம்பி. அந்த முப்பதாயிரத்த நீ குடுப்பியா?" என்றார்.

நியாயமான கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் அனுபவத்தில் குழியடிச்சான் ஏக்கருக்குப் பதினாலு மூட்டை, மூட்டை அறுபது கிலோ, ஆக 840 கிலோ. நெல்லாகவே வெளியில் போட்டால் செலவு போகப் பத்தாயிரம்கூட நிற்காது. அரிசியாக்கினால் ஏறக்குறைய 520 கிலோ, கிலோ எண்பது ரூபாய் வீதம் 41,600. வைக்கோல் மூவாயிரம். சாகுபடிச் செலவு பதினாலாயிரம், அரவைக்கும் வண்டிக்கும் நாலாயிரம் போனால் மிச்சம் 26,600. தையில் உளுந்து தெளித்து ஒன்றரைக் குவிண்டால் கிடைத்தால் செலவு போக இன்னொரு ஒன்பதாயிரம். மொத்தம் 35,600. காகிதத்தில் நாம் ஐயாயிரம் மேலே. ஆனால் குத்தகைக்காரன் கொடுப்பது உட்கார்ந்த இடத்தில் வருகிற பணம். நம் பணம் மழை பெய்து, புயல் அடிக்காமல் இருந்து, 520 கிலோ அரிசியையும் விற்று முடித்த பிறகு வருவது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையேறியபோது என் மேட்டில் நாற்பத்திரண்டு தென்னையில் முப்பத்தொன்று விழுந்தது. மாமரங்கள் வேரோடு சாய்ந்தன. பள்ளத்தில் படுத்துக் கிடந்த குழியடிச்சான் நாலைந்து நாளில் தலைதூக்கிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் எழுபத்தாறு வயதில் ஒருவரைப் பார்த்து, புயலைப் பொறுத்துக்கொள் என்று நான் எப்படிச் சொல்வது?

ஐந்து வருஷம் கழித்து அந்த நாலு ஏக்கர் எந்த நிலையில் திரும்பி வரும் என்பதற்கு நம் கரையில் எடுத்துக்காட்டுகள் நிறைய. கைவிட்ட குட்டைகளில் உமரிகூடச் சரியாக முளைக்காமல் கிடக்கிறது. அவருடைய குட்டைத் தண்ணீர் கசிந்தால் முதலில் என் வயல், அடுத்து வடபுறம் மூன்று பேர், அப்புறம் மேட்டு ஊற்று. அதனால் நாங்கள் நாலு வரப்புக்காரர்களும் சேர்ந்து சித்தப்பாவிடம் ஒரு யோசனை வைத்திருக்கிறோம். நிலத்தை நாங்களே குத்தகைக்கு எடுப்பது, ஏக்கருக்கு இருபதாயிரம், அதில் பாதியை ஆவணியிலேயே முன்பணமாகக் கொடுப்பது, வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆறு மூட்டை நெல் தனி. முப்பதாயிரம் இல்லைதான். அவர் சிங்கப்பூர்ப் பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். தரகரும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

எங்களுக்கு இப்போது தேவை அரிசி வாங்குகிற வீடுகள். மாதம் பத்துக் கிலோ வாங்குகிற முப்பது குடும்பம் நிலையாகக் கிடைத்தால் அந்த நாலு ஏக்கரின் நெல்லை விற்கிற கவலை பெருமளவு தீரும். திருச்சி, தஞ்சாவூர், சென்னை அன்பர்கள் இயக்கத்தின் மாவட்டப் பொறுப்பாளர்கள் வழியாகச் சொல்லி அனுப்பலாம். விதையாக என்னிடம் குழியடிச்சான் 110 கிலோவும் களர்ப்பாலை 40 கிலோவும் இருக்கின்றன. உவர் நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும், ஆளுக்கு ஐந்து கிலோ. ஆடி முடிவதற்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த மாசியில் பத்துக் கிலோவாகத் திருப்பிக் கொடுங்கள். வரும்போது துணிப்பை கொண்டுவாருங்கள்.